மேலிருந்து பார்த்தால் கண் தெரியாது

க்ளோவிஸ் ஆர்சனோ பெண் கேட்க வந்த அன்று கையில் மண்வெட்டியோடு வந்தான் என்று யூலா மே இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது முழு உண்மை இல்லை. அவன் கொண்டுவந்தது ஒரு பொட்டலம் பூடான். அரிசியும் பன்றிக்கறியும் மிளகும் கலந்து, குடலில் திணித்து, அவனே ஆவியில் வேகவைத்தது. மண்வெட்டி எல்மீருடையது. படகுத்துறைக் கொட்டகையின் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

எல்மீர் பாபினுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. லூசியானாச் சதுப்புக்காட்டின் ஓரத்தில் இருந்த அந்தத் துறை அவளுடையது. படகு வாடகை, தூண்டில் புழு, ஐஸ், வறுத்த கெளுத்தி எல்லாம் அங்கே கிடைக்கும். வறுவல் அடுப்பு அவள் சித்தி மகள் யூலா மேயின் பொறுப்பு; வாயாடுவதும் யூலா மேயின் பொறுப்புதான். எல்மீரின் புருஷன் டெக்சஸ் எண்ணெய்க் கிணறுகளில் வேலைக்கென்று போனவன், அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். விவாகரத்துக் காகிதம் தபாலில் வந்தது. எல்மீர் கொஞ்ச நாள் அழுதாள். பிறகு அவன் விட்டுப்போன பந்தயப் படகை விற்று, நாலு பேர் உட்காருகிற மாதிரி தட்டைப் படகுகள் வாங்கிப் போட்டாள்.

க்ளோவிஸ் சர்க்கரை ஆலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆள் கதவு அகலம். மனைவி லோரீன் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆலையை விட்ட பிறகு வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டி, இறால் மாதிரியான கிராஃபிஷ் வளர்த்தான். மாதாகோயில் விருந்தில் எல்மீரின் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் சரியில்லை. அதனால்தான் அன்றைக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான்.

துறையின் பலகை மேல் தடித்த பழுப்புப் பாம்பு ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. க்ளோவிஸ் பொட்டலத்தைக் கீழே வைத்தான். மண்வெட்டியை எடுத்தான். ஒரே வெட்டு. படகு ஏறக் காத்திருந்த வெளியூர்க் குடும்பம் அலறி விலகியது. அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பெரிய உபகாரம் செய்த முகத்தோடு திரும்பினான்.

"பயப்படாதீங்க மிஸ் எல்மீர். கோங்கோ, கொடிய விஷம். முடிச்சுட்டேன்."

எல்மீர் வந்து பாம்பின் பக்கத்தில் குந்தினாள். தலையை ஒரு குச்சியால் திருப்பிப் பார்த்தாள்.

"முடிச்சது தெரியுது. எதை முடிச்சீங்கன்னு தெரியுமா?"

"கோங்கோதான். தலை முக்கோணமா இருந்துச்சே."

"மண்வெட்டியைத் தூக்கிட்டு நீங்க எதிர்ல நின்னா, என் தலையும் முக்கோணமாத்தான் ஆகும். பயந்தா இது தாடையை விரிச்சுக்கும். இப்ப மேலேருந்து பாருங்க. கண்ணு தெரியுதா?"

அவன் குனிந்தான். "தெரியுது. ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு."

"உதட்டுல கறுப்புக் கோடு? தையல் போட்ட மாதிரி?"

"இருக்கு."

"கோங்கோவுக்கு ரெண்டும் கிடையாது. கண்ணுக்கு மேல கூரை இறக்கின மாதிரி எலும்பு நீட்டிக்கிட்டு இருக்கும். மேலேருந்து பாத்தா கண்ணே தெரியாது. இது தண்ணிப்பாம்பு. மீனும் தவளையும் தின்னுட்டு ரொம்ப வருஷமா இந்தத் துறைல குடியிருந்துச்சு. ஒருத்தரையும் ஒண்ணும் செஞ்சதில்ல." அவள் எழுந்தாள். "பாம்படிக்கிற ஆளுக்கு என் மேஜைல சோறு கிடையாது, மிஸ்டர் ஆர்சனோ. பொட்டலத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

அடுப்படியிலிருந்து யூலா மே குரல் கொடுத்தாள். "பூடானை வெச்சிட்டுப் போகட்டும்டி. அது என்ன பாவம் பண்ணுச்சு."

எல்மீர் பாம்புகளைப் படித்தது படகோட்டியாக. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு கோடைதோறும் வந்து சதுப்பில் பாம்புக் கணக்கெடுத்தது. அவள் படகைத்தான் அமர்த்தினார்கள். முதல் கோடையில் படகு ஓட்டினாள். அடுத்த கோடையில் பையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கடுத்து, அவர்கள் கொக்கியோடு தடுமாறும்போது இவள் வெறுங்கையால் தண்ணீர்ப்பாம்பை எடுத்துப் பையில் போட்டாள். கடிகள் நிறைய வாங்கினாள். கோங்கோவிடம் மட்டும் ஒரு கடியும் வாங்கியதில்லை. அதை நினைத்தால் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு.

மறுவாரமே க்ளோவிஸ் திரும்பி வந்தான். இஸ்திரிச் சட்டை இல்லை. ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தான்.

"எனக்கு எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரிதான் தெரியுது. நீங்க எப்படிப் பிரிக்கிறீங்கன்னு பாக்கணும்," என்றான்.

"பாத்து?"

"பாத்துட்டு, அப்புறம் ஒருநாள் உங்க மேஜைல சாப்பிடணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படகை அவிழ்த்தாள்.

சைப்ரஸ் மரங்களின் தாழ்ந்த கிளைகளில் தண்ணீர்ப்பாம்புகள் துணி காயப்போட்டதுபோலத் தொங்கின. படகு நெருங்குமுன்பே ஒவ்வொன்றாகத் தொப் தொப்பென்று விழுந்து மறைந்தன. கொஞ்சம் உள்ளே போனபோது, அழுகிய கட்டை ஒன்றின் மேல் ஒரு கோங்கோ சுருண்டு கிடந்தது. படகு வந்தும் அது அசையவில்லை. வாயைத் திறந்தது. உள்ளே முழுக்க வெடித்த பருத்தி மாதிரி வெள்ளை. வாலை இலைச்சருகில் படபடவென்று அடித்தது.

"நம்மளைப் பாத்து ஓடினா தண்ணிப்பாம்பு," என்றாள் எல்மீர். "'நீ ஓடு'ங்குது பாருங்க, அதுதான் கோங்கோ."

துடுப்பால் கட்டையைத் தட்டினாள். கோங்கோ வேண்டாவெறுப்பாகத் தண்ணீரில் இறங்கியது. காற்றடைத்த டியூப் போல உடம்பு முழுவதும் மேலே மிதக்க, தலையைத் தூக்கிக்கொண்டு நீந்திப் போனது.

"அதைப் பாத்தீங்களா? கோங்கோன்னா உடம்பு முழுக்க மேல மிதக்கும். தண்ணிப்பாம்புன்னா தலை மட்டும்தான் வெளியே, உடம்பு உள்ளே."

க்ளோவிஸுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கண், உதடு என்பதெல்லாம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டிய சமாச்சாரம். இது தூரத்திலிருந்தே தெரிகிறது. "மிதந்தா கோங்கோ, முங்கினா தண்ணிப்பாம்பு," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். எல்மீர் திருத்தவில்லை. திருத்த என்ன இருக்கிறது, சரியாகத்தானே சொல்கிறான் என்று நினைத்தாள்.

பிறகு அவன் அடிக்கடி வந்தான். நீங்க என்பது நீ ஆனது. அவள் மேஜையில் கம்போக் குழம்பும் சோறும் சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். சாப்பிடும்போது இடது கை மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருப்பான். லோரீன் போட்டுவிட்ட மோதிரம். எல்மீர் அதைப் பார்த்தாள், கேட்கவில்லை.

முடிவெட்டும் கடையிலும் தீவனக் கடையிலும் க்ளோவிஸ் இப்போது பாம்பைத் தவிர வேறு பேசுவதில்லை. மண்வெட்டியோடு ஓடுகிறவர்களை நிறுத்தி வைத்துப் பேசினான். அவன் தம்பி நெல்வின்கூட ஒருதரம் அடிக்க ஓங்கிய கம்பைக் கீழே போட்டான்.

"போன மாசம் கசாப்புக்காரன், இந்த மாசம் போதகர்," என்றாள் யூலா மே. "அடுத்த மாசம் ஞானஸ்நானம் குடுக்க ஆரம்பிச்சிடுவான். நீ பாத்துக்கிட்டே இரு."

"குடுக்கட்டுமே," என்றாள் எல்மீர். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

புனித வெள்ளியன்று துறையில் வழக்கம்போல கிராஃபிஷ் வேகவைத்தார்கள். ஓக் மரத்தடியில் நீள மேஜைகள். காகிதம் விரித்து, வெந்து சிவந்த கிராஃபிஷ்ஷைச் சோளக்கதிர், உருளைக்கிழங்கோடு குவித்துக் கொட்டினார்கள். ஊரில் பாதி அங்கே இருந்தது. எல்மீர் பெரிய பானையைத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தபோது க்ளோவிஸின் வண்டி வந்து நின்றது. வெள்ளை பிளாஸ்டிக் பக்கெட் ஒன்றை மேஜை மேல் வைத்தான். ஆட்கள் கூடினார்கள்.

"காலைல என் குளத்துல பொறியை எடுத்தப்ப அதுக்குப் பக்கத்துல கிடந்துச்சு," என்று அவன் உரக்கச் சொல்வது அவளுக்குக் கேட்டது. "உடம்பு முழுக்க தண்ணிக்குள்ள. மூக்கு மட்டும் வெளியே. அப்ப என்ன அர்த்தம்? நெல்வின், சொல்லு."

"தண்ணிப்பாம்பு," என்றான் நெல்வின், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"அதேதான். வலையைப் போட்டு அள்ளிட்டேன். எல்மீருக்குப் பரிசு. போன தடவை அவ குடித்தனக்காரனை நான் காலி பண்ணினேன் இல்ல, அதுக்குப் பதிலா ஒண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். எல்மீரும் சிரித்துக்கொண்டேதான், கையை ஏப்ரனில் துடைத்தபடி வந்தாள். ஒருத்தி பாம்பைப் பரிசாக வாங்குவது இந்த ஊரில் இதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

பாம்பின் மேல் முழுக்கக் குளத்துச் சேறு. நிறமில்லை, கோலமில்லை. உதடும் சேறு. ஆனால் தலை மட்டும் பக்கெட்டின் வெள்ளையில் அச்சடித்ததுபோலத் தெரிந்தது. அகலமான தட்டையான தலை. ஓரத்தில் எதுவும் துருத்தவில்லை. மேலிருந்து பார்த்தால் கண் இல்லை.

க்ளோவிஸின் இடது கை ஏற்கெனவே பக்கெட்டின் விளிம்பைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

கத்தினால் அவன் துள்ளுவான் என்று அவளுக்குத் தெரியும். தாழ்ந்த குரலில், "க்ளோவிஸ், கையை எடு," என்றாள்.

"பொறு செல்லம், நீ தூக்கற மாதிரியேதான் நானும்..."

அவன் முடிக்கவில்லை. பக்கெட்டுக்குள் சவுக்கு சொடுக்கின மாதிரி ஒரு அசைவு. அவன் கையை வெளியே இழுத்து, கட்டைவிரல் அடிச்சதையைப் பார்த்தபடி நின்றான். வலித்த முகமாக இல்லை. யாரோ சபையில் அவமானப்படுத்தின மாதிரி இருந்தது.

"யூலா, மூடி," என்றாள் எல்மீர்.

யூலா மே மூடியை வைத்து அழுத்திப் பக்கெட்டைத் தரையில் இறக்கினாள். மேலே வைக்கக் கல் எதுவும் கையில் அகப்படவில்லை. தானே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல," என்றான் க்ளோவிஸ். "தண்ணிப்பாம்புதான். துடைச்சிட்டாப் போச்சு."

எல்மீர் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். ஆழமாக ஒரு துளை, பக்கத்தில் லேசாக இன்னொன்று. ரத்தம் ஓடவில்லை; கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு நின்றது. சுற்றிச் சதை அதற்குள் உப்பிப் பளபளத்தது.

"எரியுதா?"

"கொஞ்சம்."

"பொய் சொல்லாதே."

அவன் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. "நெருப்பை வெச்ச மாதிரி இருக்கு."

"இது கோங்கோ, க்ளோவிஸ். தண்ணிப்பாம்பு கடிச்சா சீப்பால கீறின மாதிரி வரிசையா இருக்கும், ரத்தம் தண்ணியா ஓடும், இப்படி வீங்காது. ஆஸ்பத்திரிக்குப் போறோம். உக்காரு, அசையாதே."

நெல்வின் பேனாக்கத்தியைத் திறந்திருந்தான். "கீறி உறிஞ்சிடலாம் மிஸ் எல்மீர்."

"கத்தியை மடி நெல்வின். அந்த ஐஸைப் பெட்டியிலேயே வைங்க. பெல்ட்டைக் கழட்டற ஆள் திரும்ப மாட்டிக்கங்க, கையைக் கட்டக் கூடாது. நெல்வின், நீ ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, கோங்கோ கடி, கையில, ஆளைக் கூட்டிட்டு வராங்கன்னு சொல்லு."

சொல்லிக்கொண்டே அவள் க்ளோவிஸின் மோதிர விரலைப் பிடித்தாள். அவன் விரல்களை மடக்கிக்கொண்டான்.

"அது வேண்டாம்."

"வீங்கினா விரலுக்கே ஆபத்து."

"லோரீன் போட்டது. போட்ட நாள்லேருந்து கழட்டினதில்ல."

"தெரியும்," என்றாள் எல்மீர். "அதுக்காகத்தான் வெட்டி எடுக்கறதுக்கு முன்னாடி நான் எடுக்கறேன். விரலை நீட்டு."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு நீட்டினான். சோளத்துக்கு வைத்திருந்த வெண்ணெயை எடுத்து விரலில் தடவி, வலிக்காமல் மெதுவாகத் திருகித் திருகி மோதிரத்தை எடுத்தாள். அது இருந்த இடத்தில் தோல் வெளுத்து, குழந்தையின் தோல் மாதிரி இருந்தது. தொலையாமலிருக்க மோதிரத்தைத் தன் கட்டைவிரலில் போட்டுக்கொண்டாள்.

வண்டியை அவளே ஓட்டினாள். கரும்பு வயல்களுக்கு நடுவே போகிற நீளச் சாலை. க்ளோவிஸ் கையை மார்பளவில் தலையணை மேல் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். 

"முங்கினா தண்ணிப்பாம்புன்னு நீதானே சொன்னே."

"சொன்னேன்."

"இது முங்கித்தான் கிடந்துச்சு. நான் பொய் சொல்லல."

"நம்பறேன். கோங்கோவும் சில சமயம் முங்கும்."

"சில சமயம்னு நீ சொல்லவே இல்லையே, எல்மீர்."

 நீச்சல் என்பது துணை அடையாளம்தான். பெரும்பாலும் பொருந்தும், எப்போதும் பொருந்தாது. இது அவளுக்குத் தெரியும், அந்தக் கணக்கெடுப்பில் கண்ணால் கண்டிருக்கிறாள். ஆனாலும் அன்று படகில் அந்த மனிதன் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்ததைக் கலைக்க மனம் வரவில்லை.

"சொல்லல," என்றாள். "சொல்லியிருக்கணும். அது என் தப்பு. ஆனா கண்ணைப் பாக்கச் சொன்னேனே, அதைச் செஞ்சியா?"

"சேறு அப்பியிருந்துச்சு. ஒண்ணும் தெரியல."

"தெரியலன்னா தெரியலன்னுதான் அர்த்தம். தண்ணிப்பாம்புன்னு அர்த்தமில்ல."

அவன் முனகினான். வலியா, ஒப்புதலா என்று அவளுக்குப் புரியவில்லை. ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் தயாராக இருந்தார்கள். டாக்டர் ஏபேர் என்ற பெண்மணி, கச்சிதமான குரல்காரி, வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டாள்.

"என்ன பாம்புன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"கோங்கோ. கண்ணால பாத்தேன்."

"நல்லது. தெரியாம வந்தாலும் கையே சொல்லிடும். ஆனா தெரிஞ்சா நேரம் மிச்சம்." கோட்டைத் தாண்டி வீக்கம் மணிக்கட்டில் ஏறியதும் விஷமுறிவு மருந்தை ஏற்றச் சொன்னாள். "யாரும் கீறல, கட்டல, ஐஸ் வைக்கல. இப்படி வர்றவங்க கொஞ்சம்தான். பாம்பு செத்துடுச்சா?"

"இல்ல. ஒருத்தி மேல உக்காந்திருக்கா."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்து யூலா மேயே போனில் வந்தாள்.

"ஏண்டி, எவ்வளவு நேரம் நான் இது மேல உக்காந்திருக்கணும்? கீழேருந்து டொக்கு டொக்குன்னு இடிக்குது. கிராஃபிஷ்ஷை எனக்கு யாரோ தட்டுல கொண்டுவந்து குடுக்கறாங்க, மகாராணி மாதிரி இருக்கேன், ஆனா காலு மரத்துப்போச்சு."

"மூடில காத்துக்கு ஓட்டை போட்டு, கான்கிரீட் கல்லைத் தூக்கி வை. யாரையும் தொட விடாதே."

"நெல்வின் மண்வெட்டியோட நிக்கிறான்."

"நான் வர்ற வரைக்கும் நிக்கச் சொல்லு."

சாயங்காலத்துக்குள் வீக்கம் முழங்கையோடு நின்றது. க்ளோவிஸ் வெளுத்துக் களைத்துக் கிடந்தான். எல்மீர் கட்டைவிரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி நீட்டினாள்.

அவன் உப்பிய விரல்களைப் பார்த்தான். "இப்ப எங்க போடறது. நீயே வெச்சிரு." கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து, "லோரீன் இருந்திருந்தா என்னைத் திட்டித் தீர்த்திருப்பா," என்றான்.

"நான் இப்பத் திட்டல. வீட்டுக்கு வந்தப்புறம் திட்டறேன்."

அவன் உதட்டோரம் லேசாகச் சிரித்தது.

மறுநாள் காலை அவள் துறைக்கு வந்தபோது கான்கிரீட் கல்லின் கீழே பக்கெட் அப்படியே இருந்தது. சுற்றிலும் ஏழெட்டு ஆண்கள். எல்லார் கையிலும் ஏதோ ஒன்று. நெல்வின் முன்னால் வந்தான்.

"அண்ணன் எப்படி இருக்கார்?"

"காலைல முட்டை கேட்டார். கை தப்பிச்சிடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"சந்தோஷம். இப்ப இதை முடிச்சிடலாம். எங்க அண்ணன் கையைக் கடிச்சிருக்கு, சும்மா விடறதா?"

"உங்க அண்ணன் அதோட வீட்டுக்குப் போய், வலையில அள்ளி, பக்கெட்டுல போட்டு, விருந்துக்குக் கூட்டிட்டு வந்தார் நெல்வின். அது அழைப்பு கேட்டு வரல."

பின்னால் ஒருவன் சிரித்தான். நெல்வின் சிரிக்கவில்லை. "இனிமே எங்களுக்கு வித்தியாசமெல்லாம் வேணாம் மிஸ் எல்மீர். எதைப் பாத்தாலும் அடிக்கப் போறோம். அதான் பாதுகாப்பு. நீங்க சொன்னதைக் கேட்டுத்தானே இப்படி ஆச்சு."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எல்மீருக்குப் புரிந்தது. இன்றைக்கு இவர்களை இப்படியே அனுப்பினால் கோடை முடிவதற்குள் இந்தச் சதுப்பில் ஒரு தண்ணீர்ப்பாம்புகூட மிஞ்சாது.

"நீச்சலை வெச்சுச் சொல்லலாம்னு சொன்னது நான்," என்றாள். "அது பாதிதான் சரி. மீதியை நான் சொல்லாம விட்டேன். இப்பச் சொல்றேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

கல்லை இறக்கி, மூடியை எடுத்தாள். குடத்துத் தண்ணீரை மெதுவாகப் பக்கெட்டில் ஊற்றினாள். சேறு கரைந்து வழிந்தது. நீளக் கொக்கியால் பாம்பைத் தூக்கிப் பலகை மேல் விட்டு, கொக்கியைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றாள். அது சுருண்டது, வாயைத் திறந்தது. பருத்தி வெள்ளை.

"எட்டவே நின்னு மேலேருந்து பாருங்க. கண்ணு எங்கே?"

எட்டிப் பார்த்தார்கள். "இல்ல," என்றான் ஒருவன்.

"கன்னத்துல பாருங்க. தையல் கிடையாது, ஒரே பட்டையா கறுப்பு ஓடுது." அதைத் திரும்பப் பக்கெட்டில் விட்டு மூடினாள். பிறகு துறையின் ஓரத்தில் சாய்ந்த மரத்தருகே போய், பின்னாலிருந்து கையை நீட்டி, அதில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பாம்பு ஒன்றை நடு உடம்பில் பிடித்தாள். அது முறுக்கித் திமிறி நாறும் திரவத்தைப் பீய்ச்சியது. தலை அகலமாக விரிந்தது. கூட்டம் பின்வாங்கியது.

"நெல்வின், இது என்ன?"

"கோங்கோ மாதிரிதான் இருக்கு. விட்டுடுங்க மிஸ் எல்மீர்."

"மாதிரி வேணாம். பாத்துச் சொல்லு."

நெல்வின் ஒரு அடி வைத்தான். கழுத்தை நீட்டினான். "கண்ணு தெரியுது. வெளியே துருத்திக்கிட்டு. உதட்டுல கோடு கோடா..." நிறுத்தினான். "தண்ணிப்பாம்பு."

"நிச்சயமா?"

அவன் இன்னொரு தரம் குனிந்து பார்த்தான். "நிச்சயமா."

எல்மீர் சட்டைக் கையை ஏற்றிக்கொண்டு முன்னங்கையை அதன் முன்னால் நீட்டினாள். அது பாய்ந்து கவ்வியது. ஒருதரம் அல்ல, இரண்டுதரம். அவள் முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான். பாம்பைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கையைக் காட்டினாள். சீப்பு இழுத்த மாதிரி வரிசை வரிசையாகக் கீறல். மெல்லிய ரத்தம் முழங்கை வரை வழிந்தது.

"ரத்தம் பயங்கரமாத்தான் தெரியும். சோப்பு போட்டுக் கழுவுவேன், போயிடும். நாளைக்கு வந்து என் கையைப் பாருங்க, அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய் க்ளோவிஸ் கையைப் பாருங்க. ரெண்டையும் பாத்துட்டு, வித்தியாசம் வேணாம்னு சொல்றவங்க என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. ஒண்ணு மட்டும் கேளுங்க. எதுன்னு தெரியலைன்னா தொடாதீங்க, அடிக்கவும் போகாதீங்க. அடிக்கக் கிட்டப் போறவன்தான் முக்கால்வாசி கடி வாங்கறான்."

 யூலா மே ஒரு துண்டையும் சோப்பையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பைத்தியக்காரி," என்றாள் மெல்ல. "வலிக்குதா?"

"முள்ளுச்செடில விழுந்த மாதிரி."

கோங்கோவைச் சதுப்பின் உட்பகுதியில் கொண்டுபோய் விட அவள் படகை அவிழ்த்தபோது, நெல்வின் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து ஏறினான். பக்கெட்டின் மூடியை இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். வீடுகளெல்லாம் மறைந்து, தண்ணீர் கறுத்து, மரங்கள் நெருங்கிய இடத்தில் எல்மீர் எஞ்சினை நிறுத்தினாள். பக்கெட்டைத் துடுப்பால் சாய்த்தாள். பாம்பு அவசரமில்லாமல் இறங்கி, உடம்பு முழுக்க மேலே மிதக்க நீந்திப் போனது.

"மேலதான் மிதக்குது," என்றான் நெல்வின்.

"ஆமா," என்றாள் எல்மீர். "இன்னிக்கு மேல மிதக்குது."

அவன் யோசித்துவிட்டுத் தலையசைத்தான்.

க்ளோவிஸ் வீடு திரும்பிய பின்னும் கை வெகுநாள் இறுகியே இருந்தது. ஒரு திருகாணியைப் பிடிக்கவே பாடுபட்டான். மோதிரத்தை அவன் மறுபடி போடவில்லை. எல்மீரிடமிருந்து வாங்கி, லோரீனின் படத்துக்கு முன்னால் இருந்த சிறிய கிண்ணத்தில் வைத்தான். பாம்பைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை. பேச்சில் 'பெரும்பாலும்' என்ற வார்த்தை அதிகமாகிவிட்டது என்று முடிவெட்டுகிறவர் குறைபட்டுக்கொண்டார்.

வெயில் ஏறிய ஒரு மத்தியானம் அவன் எல்மீரின் மேஜையில் உட்கார்ந்திருந்தான். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எல்மீர், ஒண்ணு கேக்கணும்."

"பாம்பைப் பத்தியா?"

"இல்ல."

"அப்பக் கேளு."

அவன் கேட்டான். எப்படிக் கேட்பது என்று பல நாள் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், நேராகவே கேட்டான். எல்மீர் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். அவன் எதிரில் உட்கார்ந்தாள். விறைத்த அவன் இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, ஆலை மெக்கானிக்கின் தடித்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"கோடைல முடியாது," என்றாள். "படகெல்லாம் வாடகைக்குப் போயிடும். அக்டோபர்ல வெச்சுக்கலாம்."

அக்டோபரில் கல்யாணம் நடந்தது. துறையில்தான், அந்த ஓக் மரத்தடியில். வந்தவர்கள் எல்லாருக்கும் க்ளோவிஸே பூடான் செய்தான். எவ்வளவு செய்தும் போதவில்லை.